முழு ஒரு நிமிடம்

அஞ்செட்டி ஆரம்ப சுகாதார நிலையத்தில்
இனி இந்த நாற்காலியில் உட்காரப்போகும் உங்களுக்கு:

நாற்காலிக்கு இடது கால் ஆடும்.
அட்டை மடித்து முட்டுக்கொடுத்திருக்கிறேன்,
பெருக்குபவர் எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.
சுவர்க் கடிகாரத்தில் நொடிமுள் இல்லை.
அதனால் என் கைக்கடிகாரத்தை
இழுப்பறையில் விட்டுப்போகிறேன்.

இருமும் குழந்தை வந்தால்
முதலில் ஸ்டெதாஸ்கோப்பைத் தொடாதீர்கள்.
அம்மா மடியிலேயே இருக்கட்டும்.
சட்டையை மட்டும் தூக்கச் சொல்லி
வயிறு ஏறி இறங்குவதைப் பாருங்கள்.
அழுதால் எண்ண வேண்டாம், பால் குடித்து அடங்கட்டும்.
வரிசை முணுமுணுக்கும்.
முணுமுணுக்கட்டும்.
முழு ஒரு நிமிடம்.
பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்குவது
கணக்குக்குச் சரி.
குழந்தையின் மூச்சு நடுவில் நின்று யோசிக்கும்,
பிறகு ஓடும்.

இரண்டு மாதத்துக்குள் அறுபது,
ஒரு வயதுவரை ஐம்பது,
அதற்குமேல் ஐந்துவரை நாற்பது.
எட்டிவிட்டால் நிமோனியா என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.
மார்புக்கூடு உள்ளே இழுத்தால் வண்டியைக் கூப்பிடுங்கள்.
இரவானால் கோட்டைச் சாலையில் யானை நிற்கும்,
வண்டியும் நிற்கும்.
முதல் ஊசியை இங்கேயே போட்டு அனுப்புங்கள்.

இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது.

நான் சேர்ந்த மூன்றாவது வாரம்.
சந்தை நாள், நூற்றுப் பதினேழாவது சீட்டு.
தொட்டமஞ்சு மாதேவி
பத்து மாத ருத்ரேஷை நீட்டி
"உசிரு ஜாஸ்தி ஆகிதே" என்றாள்.
நான் நாகப்பட்டினத்துக்காரி.
"உசுரு ஜாஸ்தியா? அப்போ நூறு வயசு இருப்பான்"
என்று சிரித்து, இருமல் மருந்து எழுதினேன்.
டாக்டர் சிரித்ததால் அவளும் சிரித்தாள்.
நாகவேணி சிஸ்டர் அன்று விடுப்பு.
இருந்திருந்தால் சொல்லியிருப்பார்,
கன்னடத்தில் உசிரு என்றால் மூச்சு.

மறுநாள் விடியலில்
பால் வண்டியில், கேன்களுக்கு நடுவே வந்தாள்.
குழந்தையின் உதட்டில் நாவல்பழ நிறம்.
அப்போதுதான் எண்ணினேன்.
எழுபத்திரண்டு.

பிழைத்தான்.
கிருஷ்ணகிரியில் ஒன்பது நாள் ஆக்சிஜன்.
பாதிப் பாலை இறக்காமலே வண்டியைத் திருப்பிய
முனிரத்தினத்துக்கு அன்று சம்பளம் பிடித்தார்கள்.
எனக்கு யாரும் எதுவும் பிடிக்கவில்லை.

மற்றவை சுருக்கமாக.
வயிற்றுப்போக்குக்குப் பொட்டலம் கொடுக்கும்போது
லிட்டர் என்று வாயால் சொல்லாதீர்கள்,
பாட்டிலைக் கையில் காட்டுங்கள்.
ஒருத்தி ஒரு டம்ளரில் முழுவதும் கரைத்தாள்.
ஜிங்க் மாத்திரை பதினான்கு நாள்.
மூன்றாம் நாள் நின்றதும் அதை எடுத்து வைத்துவிடுவார்கள்;
காலி அட்டையைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

காய்ச்சலில் வெட்டி இழுக்கும் பிள்ளையின் கையில்
சாவிக்கொத்து திணித்திருப்பார்கள்.
பிடுங்காதீர்கள், அதனால் கெடுதல் இல்லை.
வாய்க்குள் கரண்டி விட வந்தால் மட்டும் தடுங்கள்.
ஒருக்களித்துப் படுக்கவையுங்கள்.
அதற்கும் கடிகாரம் வேண்டும், ஐந்து நிமிடம்
எவ்வளவு நீளம் என்று அப்போது தெரியும்.

பல்லில் பழுப்புக் கறை கண்டால்
துலக்கவில்லையா என்று கேட்டு அவமானப்படுத்தாதீர்கள்.
எந்த போர் தண்ணீர் என்று கேளுங்கள்.

போன சந்தையன்று மாதேவி வந்தாள்.
ருத்ரேஷுக்கு மூன்று வயது, சளி.
நான் வாயைத் திறப்பதற்குள்
தானே மடியில் இருத்தி, சட்டையைத் தூக்கி,
"மூச்சு, மேடம்" என்றாள் தமிழில்.
நான் "உசிரு" என்றேன்.
இருவரும் சிரிக்கவில்லை, எண்ணிக்கொண்டிருந்தோம்.
முப்பத்து நான்கு.
மருந்து எதுவும் எழுதவில்லை.

கடிகாரத்துக்கு பேட்டரி கோட்டையில் கிடைக்கும்,
பேருந்து நிலையத்துக்கு எதிரே.